யாரைக் கூப்பிடுவீங்க?

பெங்களூரு
6.10.2024

அன்புத் தங்கை சுடர்விழிக்கு,

அண்ணன் இனியவன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி ஜெயபாரதியும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மழைக்காலம் வருகிறது, வெந்நீர் ஒத்தடத்தை விட்டுவிட வேண்டாம் என்று சொல்.

கையெழுத்தைப் பார்த்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதென்று நினைத்திருப்பாய். இடது கையால் எழுதுகிறேன். ஜூன் மாதம் பைக் சறுக்கி விழுந்ததில் அடிபட்டது மண்டையின் இடது பக்கம். வலது கைக்கு இன்னும் பலம் வரவில்லை. பேச்சும் அப்படித்தான். சொல்ல வேண்டியது உள்ளே தெளிவாக இருக்கிறது. வாய்க்கு வரும் வழியில் எங்கோ உடைப்பு. தண்ணீர் கேட்க வாயைத் திறந்தால் 'தட்டு' என்று வருகிறது, இல்லையென்றால் ஒன்றுமே வருவதில்லை. பேச்சுப் பயிற்சி தருகிற ஸ்ரீவித்யா மேடம் வாரம் ஒரு கடிதம் கையால் எழுதச் சொல்லியிருக்கிறார். யாருக்கு எழுதுவீர்கள் என்று கேட்டார். உன் பெயரை எழுதிக் காட்டினேன்.

போன் வேண்டாம் சுடரு. போன தடவை நான் திக்கியதைக் கேட்டு அம்மா அழுதது இன்னும் காதில் இருக்கிறது. நீயும் கடிதமே போடு.

பதினோரு வருஷம் கம்பெனி கம்பெனியாகப் போய், பணியாளர் நலன் என்று இருநூறு பேர் முன்னால் மைக் பிடித்துப் பேசிய வாய் இது. திரும்பி வரும். ஆபீசில் விடுப்பை நீட்டித்திருக்கிறார்கள், அதைப் பற்றி நீங்கள் யாரும் யோசிக்க வேண்டாம்.

ரைஸ் மில்லில் உன்னை மேலாளர் ஆக்கியதாக அண்ணி சொன்னாள். அம்மா வெயிலில் நெல் கிளறிய களம், நீ அதற்கு மேலாளர்! அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். விவரமாக எழுது.

உன் அண்ணன்
இனியவன்

*

மன்னார்குடி
15.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டது. கோணல் எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே எழுதியிருக்கான்" என்றது. வலி பரவாயில்லை. நீயும் அண்ணியும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலாளர் என்று பெயர்தான் பெரிசு. மில்லில் அறுபத்து மூன்று பேர். ஆறு மாதத்தில் பத்தொன்பது பேர் வேலையை விட்டுப் போய்ப் புது ஆட்கள் வந்திருக்கிறார்கள். வந்தவர்கள் பழகுவதற்குள் அவர்களும் போய்விடுகிறார்கள். முதலாளி தியாகராசன் கெட்டவர் இல்லை. ஆனால் யாரோ ஒரு ஆலோசகர் சொன்னாரென்று வாசலில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறார். அன்றன்று தவறு செய்தவர் பெயரும், என்ன தவறு என்பதும் அதில் எழுத வேண்டும். எழுதுவது என் வேலை.

தினமும் அதே பெயர்கள். ரெத்தினம் அக்கா மூட்டை தைப்பதில் மெதுவு. கலந்தர் அண்ணன் நெல் அவிக்கிற கொதிகலனின் சூட்டுமானியைப் பார்த்துக் குறிக்க மறந்துவிடுகிறார். பிரகதாம்பாள் வாய் ஓயாமல் பேச்சு. எழுதி எழுதி எனக்கே கை கூசுகிறது. ஆனால் தவறு குறையவில்லை. போன மாதம் பாலக்காட்டு வியாபாரி ஒரு லோடு அரிசியைக் கல் இருக்கிறதென்று திருப்பி அனுப்பினார். மூன்று பேருக்கு அது முன்பே தெரியும் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பலகைக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை.

சிரிக்காதே அண்ணே. நீ பதினோரு வருஷமாய் ஊருக்கெல்லாம் சொன்னதை எனக்கும் கொஞ்சம் சொல்லு. நான் என்ன செய்யட்டும்?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
சுடர்

*

பெங்களூரு
2.11.2024

அன்புள்ள சுடருக்கு,

தீபாவளி நல்லபடியாகப் போயிருக்கும். அம்மாவுக்கு என் வணக்கம். பதில் எழுத நாளாகிவிட்டது, வேறொன்றுமில்லை.

நான் ஊருக்கெல்லாம் சொன்னதை நம்பாதே. சிரிக்கிற முகங்களும் சூரியகாந்திப் பூவும் போட்டுத் திரையில் காட்டுகிற படங்கள் அவை. கேட்டவர்கள் கைதட்டினார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். யார் நலம் எங்கே மாறியது?

எனக்கு இப்போது நிஜமாகத் தெரிந்தது ஒன்றுதான் இருக்கிறது. அதை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பார்த்த பயிற்சியாளர் படம் காட்டி "இது என்ன, இது என்ன" என்று கேட்பார். பூனை, குடை, சாவி. எல்லாமே தப்பாகச் சொல்வேன். ஒவ்வொரு தப்புக்கும் ஒரு பெருக்கல் குறி போடுவார். மூன்று வாரத்தில் எனக்கு வந்துகொண்டிருந்த ஐந்தாறு சொல்லும் போய்விட்டது. மூளைக்குள் பாதாம் பருப்பு அளவில் ஓர் இடம் இருக்கிறது சுடரு. ஆபத்து என்று அது கூவினால், நெற்றிக்குப் பின்னால் இருந்து யோசித்து முடிவெடுக்கிற பகுதி பின்வாங்கிவிடும். பயந்த மூளை புதிதாக எதையும் கற்காது. தப்பிக்கப் பார்க்கும், மறைக்கப் பார்க்கும். உன் பலகை செய்வது அதைத்தான்.

பிறகு ஸ்ரீவித்யா மேடம் வந்தார். படங்களை ஓரமாக வைத்துவிட்டு, "யோசிக்காம தானா வர்றது ஏதாவது இருக்கும். அது எதுன்னு பார்ப்போம்" என்றார். எண்கள் வந்தன. கிழமைகள் வந்தன. ஒரு நாள் என்ன நினைத்தேனோ, நான் கல்லூரிக்குப் போய்வந்த பஸ்ஸின் கண்டக்டர் மாதிரி, "காட்டூர், வாண்டையாரிருப்பு, வடுவூர், மன்னார்குடீ!" என்று ஒரே மூச்சில் கத்தினேன். வரிசையில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் அதைப் பிடித்துக்கொண்டார். "வடுவூர்ல எறங்கணும்", "வடுவூர்ல தண்ணி வேணும்" என்று அந்த ராகத்திலேயே ஒவ்வொரு சொல்லாகக் கோத்தார். இருக்கிற பாதையிலிருந்து கிளை வெட்டுவது. மூளை அப்படித்தான் வளருமாம்.

உன் ஆட்களிடமும் எது இல்லையென்று எழுதாதே. எது இருக்கிறதென்று பார். இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

அன்புடன்
இனியவன்

*

மன்னார்குடி
11.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம், மழை மட்டும் விடவில்லை. நீ வடுவூர் என்று கத்தினதைப் படித்து அம்மா விழுந்து விழுந்து சிரித்தது. விபத்துக்குப் பிறகு அது சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

நீ சொன்னபடி செய்தேன். படுதோல்வி. ஒவ்வொருவராக ஆபீசுக்குக் கூப்பிட்டு, "உங்களுக்கு எது நல்லா வரும்?" என்று கேட்டேன். கலந்தர் அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் வராதும்மா. ஆனா வேலையை விட்டு அனுப்பிடாதீங்க" என்றார். ரெத்தினம் அக்கா அழுதுவிட்டது. பிரகதாம்பாள் முக்கால் மணி நேரம் பேசியது, அக்கா மகள் கல்யாணம் வரைக்கும் போனது, கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. மத்தியானத்துக்குள் 'ஆள் குறைக்கப் போறாங்களாம்' என்று மில் முழுக்கப் பேச்சு. இரண்டு பேர் மறுநாள் வரவேயில்லை.

உன் ஸ்ரீவித்யா மேடத்திடம் கேட்டுச் சொல்.

சுடர்

*

பெங்களூரு
20.11.2024

அன்புள்ள சுடருக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு எழுது.

மேடத்திடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தார். "உங்களுக்கு என்ன சொல் வரும்னு நான் உங்ககிட்ட கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" என்றார். 'ஒண்ணும் வராது' என்று தலையாட்டியிருப்பேன். கலந்தர் சொன்னது அதேதான். இத்தனை நாள் குறையை மட்டும் கேட்டுக் கேட்டு வளர்ந்தவனிடம் போய் நிறையைக் கேட்டால் அவனுக்கு எப்படித் தெரியும்?

எனவே அவர்களிடம் அவர்களைப் பற்றிக் கேட்காதே. மற்றவர்களைப் பற்றிக் கேள். துண்டுச்சீட்டு கொடு. மூன்று கேள்வி போதும். வேலையில் ஏதாவது சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடுவீங்க? எதற்காக? கடைசியாக எப்போது கூப்பிட்டீங்க? பெயர் போட வேண்டாம். எழுதத் தெரியாதவர்கள் உன் காதில் சொல்லட்டும்.

இன்னொன்று. அரிசியைக் கண்ணால் பார்த்துப் பொறுக்குகிறவர்களை எவ்வளவு நேரம் தொடர்ந்து உட்கார வைக்கிறீர்கள்? ஒரே மாதிரிப் பொருளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அரை மணி நேரத்தில் கவனம் சரியத் தொடங்கிவிடும். கண் திறந்திருக்கும், மூளை பார்க்காது. அது சோம்பேறித்தனம் இல்லை, மூளையின் இயல்பு. ஆளை மாற்றி மாற்றி உட்கார வை.

எழுதும்போது வலது கையால் இரண்டு வரி எழுதிப் பார்த்தேன். எது என்று கண்டுபிடி.

இனியவன்

*

மன்னார்குடி
9.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? 'நலம். உங்கள் நலத்துக்கு எழுது' என்பதுதான் வலது கை. சரியா?

அண்ணே, அந்தச் சீட்டுகளை எண்ணி முடித்தபோது எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தேன்.

அறுபத்தொரு சீட்டு. ரெத்தினம் அக்கா பெயர் இருபத்தாறில் இருக்கிறது. 'எந்த அரிசின்னு சந்தேகம் வந்தா ரெத்தினத்துக்கிட்ட ஒரு கை அள்ளிக் காட்டுவேன்.' மூட்டை தைக்க ஆமை என்று பலகையில் நான் எழுதிய அதே ஆள், ஒரு பிடி அரிசியைப் பார்த்து நெல் எந்த ரகம், பழசா புதுசா என்று சொல்லிவிடுகிறது. கலந்தர் அண்ணனை இருபது பேர் கூப்பிடுகிறார்கள். மெஷினுக்கு இல்லை, இரண்டு பேருக்குள் சண்டை வந்தால்! புது ஆள் பயந்து நின்றாலும் அவரிடம்தான் போகிறார்களாம். பிரகதாம்பாளின் பெயருக்கு நேராக ஒருவர் எழுதியது: 'அது ஒரு நடமாடும் ரிஜிஸ்டர். எந்த லாரி என்னிக்கு வந்துச்சு, எந்தத் தொட்டியில கொட்டுனோம், எல்லாம் ஞாபகம் வச்சிருக்கும்.'

ரெத்தினம் அக்காவை அரிசி பார்க்கிற மேசைக்கு மாற்றினேன். அரை மணிக்கு ஒருதரம் ஆள் மாறுகிறது. புதிதாக வருகிறவர்களை முதல் பத்து நாள் கலந்தர் அண்ணனோடு விடுகிறேன். சூட்டுமானி வேறொருவர் பொறுப்பு. சரக்கு வரவு பிரகதாம்பாள். ஒவ்வொருவரிடமும் அவரைப் பற்றிய சீட்டுகளைப் படித்துக் காட்டினேன். கலந்தர் அண்ணன், "இன்னொருக்க படிங்கம்மா" என்றார். மூன்று தரம் படித்தேன்.

போன வியாழக்கிழமை கரும்பலகையைக் கழற்றி உமி அறைக்குள் வைத்துவிட்டேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை.

ஆபீசில் உன்னை எப்போது வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள்? அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறது.

உன் தங்கை
சுடர்

*

மன்னார்குடி
6.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரு மாதமாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நடுவில் நான் போட்ட இன்னொரு கடிதமாவது கிடைத்ததா? அண்ணிக்குப் போன் செய்தால் "நல்லா இருக்காரு" என்று மட்டும் சொல்கிறார்கள். குரல் அப்படி இல்லை.

பொங்கல் வருகிறது. கரும்பும் மஞ்சள் கொத்தும் அனுப்ப முடியாது, வாழ்த்தை மட்டும் அனுப்புகிறேன். ஒரு வரி போடு. இடது கையோ வலது கையோ.

சுடர்

*

பெங்களூரு
12.1.2025

அன்புள்ள சுடர்விழிக்கு,

அண்ணி ஜெயபாரதி எழுதுவது. அத்தைக்கு என் வணக்கம். எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

நான் இதுவரை உனக்குக் கடிதம் எழுதியதில்லை. உன் அண்ணன் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதை இப்போது மீறுகிறேன். அவருடைய கம்பெனி செப்டம்பரிலேயே அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டது. பேசுவதுதானே உங்கள் வேலை, பேச முடியாதபோது என்ன செய்வது என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். அப்போதும் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தார். உன் கடிதம் வந்த நாட்களில் முகம் வேறு மாதிரி இருக்கும். டிசம்பர் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு அங்கே வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

டிசம்பர் பதினெட்டாம் தேதி வேறொரு கம்பெனியில் நேர்காணல். எழுதிக் கொடுக்கும் வேலைதான். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்களாம். பெயரைச் சொல்வதற்குள் ஒரு நிமிடம் ஆகிவிட்டது. எதிரில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தாராம். அன்றிலிருந்து பயிற்சிக்குப் போகவில்லை, பேனாவையும் தொடவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

நான் ஏதாவது சொல்லப் போனால், அழப்போகிறேன் என்று நினைத்து எழுந்து போய்விடுகிறார். நீ ஏதாவது எழுது.

அன்புடன்
ஜெயபாரதி

*

மன்னார்குடி
18.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா நலம். அண்ணி எழுதியிருந்தார்கள், எல்லாம் தெரியும். கோபம் இருக்கிறது, அதை நேரில் வைத்துக்கொள்கிறேன். உனக்கு ஆறுதல் எழுத எனக்கு நேரமில்லை. சம்பா அறுப்பு தொடங்கிவிட்டது. லாரிகள் ரோடு வரைக்கும் நிற்கின்றன. எனக்கு உன்னிடம் ஒரு வேலை ஆக வேண்டியிருக்கிறது.

திருப்பி வரும் சரக்கு குறைந்திருக்கிறது. டிசம்பரிலிருந்து யாரும் வேலையை விட்டுப் போகவில்லை. ஆனால் ஒன்று மட்டும் அப்படியே இருக்கிறது. தப்பு செய்தவர் தானாக வந்து சொல்வதில்லை. பலகை போய்விட்டது, பயம் போகவில்லை. போன வாரம் ஒருவர் தையல் விட்டுப்போன மூட்டையை அடுக்கின் அடியில் சொருகி வைத்திருந்தார். கேட்டால் எல்லோரும் தரையைப் பார்க்கிறார்கள்.

மாசி பிறந்து லோடு உச்சத்தில் இருக்கும்போது இப்படி ஒரு மறைப்பு நடந்தால், நான் செய்த எல்லாம் வீண். மனுஷனை எப்படித் தானாக வந்து தப்பைச் சொல்ல வைப்பது? இது எனக்குத் தெரியவில்லை. மில்லில் யாருக்கும் தெரியவில்லை. நான் கூப்பிட இருக்கிற ஆள் நீ ஒருத்தன்தான்.

மாத முடிவுக்குள் பதில் வேண்டும்.

சுடர்

*

பெங்களூரு
27.1.2025

அன்புள்ள சுடருக்கு,

உன் கடிதம் வந்து நான்கு நாளாக மேசையில் கிடந்தது. முதல் நாள் உன்மேல் கோபம் வந்தது. இரண்டாம் நாள் ஜெயாவின்மேல். மூன்றாம் நாள் உன் கேள்வி மண்டைக்குள் புகுந்து ஆணி மாதிரி நின்றுவிட்டது. நேற்று காலை பேனாவை எடுத்தேன்.

மறைக்கிற ஆளைப் பற்றித்தானே கேட்டாய்? சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். நான்கு மாதம் மறைத்தவன் சொல்கிறேன். எனக்குப் பயம், உங்களுடைய கோபத்தைக் கண்டு இல்லை. சொல்லிவிட்டால், எல்லோரும் என்னை அந்த ஒரு விஷயமாக மட்டும் பார்ப்பீர்கள் என்று பயம். அண்ணன் போய், வேலை போனவன் என்று ஆகிவிடும். உன் மூட்டைக்காரருக்கும் அதுதான். தப்பைச் சொன்னால் தான் அந்தத் தப்பாகவே ஆகிவிடுவோம் என்று அவர் மூளை நம்புகிறது.

வழி ஒன்றுதான். நீ முதலில் சொல். தினம் காலை வேலை தொடங்கும்போது எல்லோர் முன்னாலும் நேற்று நீ செய்த ஒரு தப்பைச் சொல். நிஜமான தப்பு. பிறகு அதற்கு யார் உதவினார்கள் என்று சொல். வேறு யாரையும் சொல்லச் சொல்லாதே. ஒருத்தர் சொல்லிவிட்டு மறுநாளும் அதே மனுஷராக நடமாடுவதை மற்ற மூளைகள் திரும்பத் திரும்பக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு தடவை பார்த்தால் போதாது. இருபது, முப்பது தடவை.

என் பங்குக்கு: நான் உன்னிடமும் அம்மாவிடமும் பொய் சொன்னேன். அது தப்பு.

இன்று பயிற்சிக்குப் போனேன். ஸ்ரீவித்யா மேடம் 'ஏன் வரவில்லை' என்று கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

உன் அண்ணன்
இனியவன்

*

மன்னார்குடி
1.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும். உட்கார்ந்து படி. இது பெரிய கடிதம்.

தினமும் காலையில் என் தப்பைச் சொன்னேன். முதல் நாள், ஒரு ரசீதைத் தேதி மாற்றி எழுதியதைச் சொன்னபோது எல்லோரும் கேட்டுவிட்டு வேலைக்குக் கலைந்து போனார்கள். நான்காம் நாள் பிரகதாம்பாள், "அது ஒண்ணும் பெரிசில்லம்மா, நான் பண்ணுனதக் கேளுங்க" என்று தொடங்கியது. பத்தாம் நாள் கலந்தர் அண்ணன். ஆனால் ரெத்தினம் அக்கா ஒருநாளும் வாயைத் திறக்கவில்லை.

போன திங்கட்கிழமை, இருபத்து நான்காம் தேதி. பாலக்காட்டுக்கு நானூறு மூட்டை. ஓட்டல்களுக்குப் போகிற பழைய அரிசி. லாரி எடைமேடையில் ஏறி நிற்கிறது, முதலாளி பக்கத்தில். ரெத்தினம் அக்கா மேசையிலிருந்து ஓடி வருகிறது. அது ஓடி நான் பார்த்ததேயில்லை. உள்ளங்கையில் நாலு அரிசி.

"லாரிய நிறுத்துங்க! இதுல புது அரிசி கலந்துருக்கு."

முதலாளி அரிசியை வாங்கிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"கண்ணுக்குத் தெரியாதுங்கய்யா. கடிச்சுப் பாருங்க, பல்லுல மாவா ஒட்டும்."

கடித்தார். முகம் மாறியது. "யாரு இதப் பார்த்து விட்டது?"

அறுபது பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். ரெத்தினம் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தது.

"நான்தாங்கய்யா. ஆள் மாத்த வந்தப்ப, இன்னும் கொஞ்சம் பார்க்கறேன்னு நானே உக்காந்துட்டேன். கவனம் தப்பிருச்சு. தப்பு என்னுது. இது போய்ச் சேர்ந்தா கெட்ட பேரு நமக்குத்தான்."

முதலாளி பதில் சொல்வதற்குள் பிரகதாம்பாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டது. "நானூறையும் எறக்க வேண்டாம். டீக்கு அப்புறந்தான் புது அரிசி கெடந்த நாலாம் தொட்டியத் தொறந்தாங்க. அப்பத்தான் வெள்ளை நூல் தீர்ந்து நீல நூல் மாட்டுனாங்க. நீல நூல் தச்சத மட்டும் எறக்குங்க, போதும்."

எண்ணினோம். நூற்று முப்பத்தெட்டு. லோடு ஏற்றுகிறவர்கள் சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கலந்தர் அண்ணன் போய் என்ன சொன்னாரோ, தூக்குச்சட்டியைத் திரும்ப மாட்டிவிட்டு வந்தார்கள். பொம்பளைகள் மாற்று மூட்டை நிரப்பித் தைக்க வரிசை போட்டு நின்றார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மூன்றரை மணிக்கு, சரியான அரிசியோடு லாரி கிளம்பியது. கேட்டைத் தாண்டும்போது யாரோ குலவை போட்டார்கள். ரைஸ் மில்லில் குலவை!

பாலக்காட்டு வியாபாரிக்கு நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். தப்பைச் சரக்குக்கு முன்னால் அனுப்பி வைக்கிற மில்லை இப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னார். வருஷம் முழுவதற்கும் நம்மிடமே வாங்குவதாக நேற்று எழுத்தில் வந்துவிட்டது.

இப்போது என் தப்பு. டிசம்பரில் முதலாளி ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதினேனே, அது பொய். பலகையைக் கழற்றிய அன்று அவர் எட்டுப் பேர் பட்டியலைக் கையில் கொடுத்தார், வேலையை விட்டு நிறுத்தச் சொல்லி. ரெத்தினம் அக்கா முதல் பெயர். கலந்தர் அண்ணன் இரண்டாவது. பிரகதாம்பாள் ஐந்தாவது. "பிப்ரவரி முடிய டைம் கொடுங்க. சரியா வரலன்னா இவங்களோட நானும் போறேன்" என்று சொல்லி, தேதி போடாத ராஜினாமாக் கடிதத்தைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். உனக்குச் சம்பளம் வருகிறதென்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன். அண்ணியின் கடிதம் வந்த பிறகு, இரண்டு வீட்டுக்கும் இருக்கிற ஒரே சம்பளத்தை வைத்தா பந்தயம் கட்டினோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் திரும்ப வாங்க மனம் வரவில்லை.

நேற்று முதலாளி கூப்பிட்டார். பட்டியலையும் என் கடிதத்தையும் மேசையில் வைத்தார். "அந்தம்மா 'நமக்கு'ன்னு சொல்லுச்சு பார்த்தீங்களா?" என்றார். "எங்க அப்பா காலத்துலேருந்து இந்த மில்லுல அந்த வார்த்தைய நான் கேட்டதில்ல." இரண்டு காகிதத்தையும் என்னிடம் நீட்டினார். "இத நீங்களே கிழிச்சிடுங்க."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். எட்டுப் பேர் வேலை தப்பியதையும், வருஷ ஆர்டரையும் விட்டுவிட்டு அம்மா கேட்டது ஒன்றுதான். "நீங்கன்னா சொன்னாரு? ஒனக்கா?" ஆமாம் என்றேன். முதலாளியின் அப்பா நம் அம்மாவைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. "நல்லாக் கேட்டியா?" என்றது மறுபடி. பிறகு அடுப்படிக்குப் போய்ப் பாயசத்துக்கு வெல்லம் தட்டியது.

முதலாளி இன்னொன்றும் கேட்டார். "இதெல்லாம் யாரு சொல்லிக் கொடுத்தது?" சொன்னேன். "பேச்சு வராதாமே, வந்து பேசுவாரா?" என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கேட்கிறேன். மார்ச் இருபத்திரண்டு, சனிக்கிழமை. வருவாயா?

உன் தங்கை
சுடர்

*

பெங்களூரு
27.3.2025

அன்புள்ள சுடருக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சாதம் சேலத்திலேயே தீர்ந்துவிட்டது.

நேரில் அத்தனை பேசினோம், ஆனாலும் மில்லில் நான் பேசிய அந்த முதல் சில நிமிடங்களைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்று விட்டிருப்பாய். நானே எழுதுகிறேன்.

வலது கையில் மைக்கைப் பிடித்தேன். வணக்கம் வந்தது. என் பெயர் வந்தது. அம்மா இந்தக் களத்தில் வேலை செய்தவர் என்பதும் வந்தது. அடுத்த வாக்கியம், 'நம்ம மூளை எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம்.' ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்தது. 'நம்ம' என்றேன். நின்றுவிட்டது. மூளையைப் பற்றிப் பேச வந்தவனுக்கு மூளை என்ற சொல்லே வரவில்லை!

சுடரு, டிசம்பரில் அந்த மனிதர் கடிகாரத்தைப் பார்த்தாரே, அந்த நேரம் எனக்குள் ஓடத் தொடங்கியது. காது அடைத்தது. நிமிர்ந்து பார்த்தேன். அறுபத்து மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சொல்லெடுத்துக் கொடுக்கவில்லை. பிரகதாம்பாளுக்கு என்ன சொல் என்று தெரிந்துவிட்டது போல. சொல்லிவிடக் கூடாதென்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு முகம் சிவந்து உட்கார்ந்திருந்தது. ரெத்தினம் அக்கா சத்தமாகச் சொன்னது: "நீங்க மெதுவா வாங்க தம்பி. எங்களுக்கு என்ன அவசரம்?"

அவ்வளவுதான். காது திறந்தது. சொல் வந்தது. அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் பேசினேன் என்று எனக்குத் தெரியவில்லை. நாற்பது நிமிடம் என்று ஜெயா சொல்கிறாள். எத்தனை இடத்தில் நின்றேன் என்று கேட்டேன். எண்ணவில்லையாம்.

இருநூறு பேர் அரங்கத்தில் கைதட்டு வாங்கியிருக்கிறேன். யாரும் எனக்காகக் காத்திருந்தது இல்லை. காத்திருக்கத் தெரிந்த கூட்டம் எப்படி இருக்கும் என்று நீ உண்டாக்கிக் காட்டியிருக்கிறாய். அது என் படங்களில் எதிலும் கிடையாது.

இரண்டு செய்திகள். ஸ்ரீவித்யா மேடத்தின் மையத்தில் வாரம் மூன்று நாள் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அடிபட்டு மீண்டவர்களை மறுபடி எடுத்துக்கொள்ளச் சொல்லி, அவர்கள் வேலை பார்த்த இடங்களில் போய்ப் பேசுவது. பேசுவது! இரண்டாவது, உன் முதலாளி சும்மா இருக்கவில்லை. அவர் சொல்லித் திருவையாற்றுப் பக்கம் ஒரு மில்லிலிருந்து போன் வந்தது. நான்தான் எடுத்தேன். ஏப்ரல் பத்தாம் தேதி நூற்றுப் பத்து பேர் இருப்பார்கள், அரை மணி நேரத்தில் முடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள்.

முடியாது, ஒரு மணி நேரம் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்கும் உனக்கும் எங்கள் அன்பு.

உன் அண்ணன்
இனியவன்